சுண்டெலியின் மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போகிறதா, வயிற்றுக்குப் போகிறதா?

கூண்டுக்காரி | செவ்வாய், இரவு 10.42

வணக்கம். பெங்களூருவில் முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஆஸ்துமாவுக்கான சுண்டெலி மாதிரி ஒன்றை நிலைநிறுத்தப் படாத பாடு படுகிறேன். ஆய்வகத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் பயன்படுத்துவது பால்ப் சி இனப் பெண் எலிகள், வயது 7 வாரம். முதல் நாளும் பதினான்காம் நாளும் ஓவால்புமினை ஆலத்தோடு கலந்து வயிற்றறைக்குள் ஊசியாகப் போடுகிறோம், எலிக்கு 20 மைக்ரோகிராம். (வெளியிலிருந்து படிப்பவர்களுக்கு: ஓவால்புமின் என்பது கோழிமுட்டை வெண்கருவின் முக்கியப் புரதம். ஆலம் என்றதும் முடிதிருத்தும் கடைப் படிகாரம் நினைவுக்கு வரும். எங்கள் புட்டியில் இருப்பது அலுமினியம் ஹைட்ராக்சைடு.) பிறகு 21, 22, 23-ஆம் நாள்களில் அதே புரதத்தை மூக்கில் சொட்டு சொட்டாக விடுகிறோம். கடைசிச் சொட்டுக்கு 48 மணி நேரம் கழித்து நுரையீரலைக் கழுவி, அந்த நீரில் உள்ள செல்களை எண்ணுகிறோம்.

முதல் தொகுதி கண்ணுக்கு நிறைவாக இருந்தது. எண்ணிய செல்களில் பாதிக்கு மேல் ஈசினோஃபில், அதாவது ஒவ்வாமையில் பெருகும் வெள்ளையணு. இரண்டாம் தொகுதியில் ஆறு எலிகளில் இரண்டு மட்டும் அப்படி. மற்ற நான்கும் ஒப்பீட்டுக்காக வெறும் உப்புநீர் வாங்கிய எலிகளைப் போல ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கின்றன. "மூக்குச் சொட்டை விட்டுவிடு, நெபுலைசர் பெட்டிக்கு மாறு" என்கிறார் என் வழிகாட்டி. தொண்டையில் விடும் முறைதான் நம்பகமானது என்கிறாள் தோழி ஒருத்தி. எதை நம்புவது?

அல்சூர்_அண்ணன் | செவ்வாய், இரவு 11.15

பெட்டிக்கு மாறுவது இருக்கட்டும் தங்கச்சி. நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல். இரண்டு தொகுதிகளிலும் மூக்கில் விட்ட திரவத்தின் அளவு எவ்வளவு? எலி மயக்கத்தில் இருந்ததா, விழித்திருந்ததா? பிப்பெட்டைப் பிடித்தது ஒரே கையா? ஓவால்புமின் ஒரே புட்டியிலிருந்து எடுத்ததா?

கூண்டுக்காரி | புதன், காலை 8.05

சங்கடமான கேள்விகள்தான். முதல் தொகுதிக்குச் சொட்டு விட்டவர் எங்கள் மூத்த மாணவர். ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் 40 மைக்ரோலிட்டர் விட்டார். அவர் படிப்பு முடிந்து போய்விட்டார். இரண்டாம் தொகுதியை நான் செய்தேன். அந்த வாரம் மயக்க மருந்துக் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. அதனால் எலியைக் கழுத்துத் தோலில் பிடித்து, விழித்த நிலையிலேயே 20 மைக்ரோலிட்டர் விட்டேன். புரதத்தின் எடை மாறவில்லை, செறிவைத்தான் இரட்டிப்பாக்கினேன். புட்டி ஒன்றே.

எடை ஒன்றாக இருக்கும்போது அளவு குறைந்தால் என்ன என்று நினைத்துவிட்டேன்.

அல்சூர்_அண்ணன் | புதன், காலை 9.30

அங்கேதான் கோட்டை விட்டாய். ஆனால் இதைத் தவறவிடாத ஆள் இந்தத் துறையில் குறைவு, மனம் தளராதே.

மூக்கில் விடும் சொட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று கதிரியக்கக் குறியிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மயக்கத்தில் உள்ள எலிக்கு 5 மைக்ரோலிட்டர் விட்டால் நுரையீரலில் எதுவும் தென்படவில்லை, மூக்கோடு நின்றுவிடுகிறது. 50 மைக்ரோலிட்டர் விட்டால் பாதிக்குச் சற்று மேல் நுரையீரலுக்கு இறங்குகிறது. விழித்த எலியில் அந்தப் பங்கு சரிந்துவிடுகிறது. ஏனென்றால் அது விழுங்கும், தும்மும், தலையை உதறும். வேடிக்கை என்னவென்றால், எலியை நிமிர்த்திப் பிடிப்பதா, மல்லாத்திப் பிடிப்பதா என்று நாம் மணிக்கணக்கில் சண்டை போடுகிறோமே, அந்த ஆய்வில் உடல் நிலை எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. அளவும் மயக்கமும்தான் தீர்மானித்தன.

ஆகவே உன் நோட்டில் 50 மைக்ரோகிராமோ 100 மைக்ரோகிராமோ எழுதியிருந்தாலும், இரண்டாம் தொகுதியின் நுரையீரல் அதில் எத்தனை பங்கைப் பார்த்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான்கு எலிகள் வயிற்றில் வாங்கியிருக்கும். இரண்டு எலிகள் அந்தக் கணத்தில் ஒரு பெருமூச்சு விட்டிருக்கும்.

ஒன்று செய். கழுவிய அன்று இரத்தம் எடுத்து வைத்திருப்பாய் அல்லவா? ஆறு எலிகளின் சீரத்திலும் ஓவால்புமினுக்கு எதிரான ஐஜிஇ, அதாவது ஒவ்வாமை எதிர்ப்புரதத்தின் அளவைப் பார். ஆறிலும் ஏறியிருந்தால் வயிற்றறை ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது, பழுது மூக்கு வழியில்தான். அந்த நான்கில் மட்டும் ஏறாமல் இருந்தால் ஆலத்தோடு கலந்ததில் கோளாறு. பெட்டி வாங்கினாலும் தீராது.

குளம்படி | புதன், பகல் 1.20

விலங்குக் கூடத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். பிப்பெட் நுனிக்கு மறுமுனையில் இருப்பவன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன்.

20 கிராம் எலி ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 0.2 மில்லிலிட்டர் காற்று. நீங்கள் விடும் 50 மைக்ரோலிட்டர் அதில் கால் பங்கு, அதுவும் தண்ணீராக. இதை ஒரே சொட்டாக விடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மூச்சு முட்டும். மயக்கம் ஆழ்ந்து, மூச்சு மெதுவாகவும் ஆழமாகவும் ஆகும் வரை காத்திருங்கள். மூக்குத் துளையின் விளிம்பில் சிறு துளிகளாக வையுங்கள், எலியே உள்ளே இழுத்துக்கொள்ளட்டும். குமிழி வந்தால் நிறுத்துங்கள். முடிந்த பிறகு அரை நிமிடமாவது தலை மேலாகப் பிடித்து, பிறகு வெதுவெதுப்பான தளத்தில் கிடத்துங்கள். சுண்டெலி இயல்பாக மூக்கு வழியாகவே மூச்சு விடும் பிராணி. நமக்குச் சளி பிடித்தால் வாயைத் திறந்துகொள்கிறோம், அதற்கு அது எளிதில் வராது.

இன்னொன்று. கருவி பழுது என்பதற்காக மயக்கமில்லாமல் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நெறிமுறைக் குழு அனுமதித்த விண்ணப்பத்தில் மயக்கம் என்று இருந்தால், அதை நீங்களாக மாற்ற முடியாது. வழிமுறை மாறினால் திருத்த விண்ணப்பம் போட்டாக வேண்டும். பெட்டிக்கோ தொண்டை முறைக்கோ மாறுவதாக இருந்தாலும் இதே கதைதான். கோபமாகச் சொல்லவில்லை அம்மா, ஆய்வேட்டை எழுதும் நாளில் இது கழுத்தைப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன்.

கூண்டுக்காரி | புதன், பகல் 2.02

சரி டாக்டர். குழுவின் செயலரிடம் இன்றே பேசி, நடந்ததை எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். சீரம் உறைகலனில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை சோதித்துவிடுவேன்.

புகைமூட்டம் | புதன், இரவு 9.48

ஜிகணிப் பக்கம் ஓர் ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தில் உள்ளிழுப்பு நச்சியல்தான் என் பிழைப்பு. பெட்டி பெட்டி என்கிறார்களே, அந்தப் பெட்டியைப் பற்றி நான்கு வார்த்தை.

முழு உடல் பெட்டியின் அழகு அதன் எளிமை. எலிகளை உள்ளே விடு, நெபுலைசரை இயக்கு, 1 சதவீத ஓவால்புமின் மூடுபனியை 20, 30 நிமிடம் அனுப்பு. மயக்கம் வேண்டாம், ஒரே நேரத்தில் பத்து எலிகள். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எலி நிமிடத்துக்குச் சுமார் 25 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறது. அரை மணிக்கு முக்கால் லிட்டர். பெட்டிக்குள் ஒரு லிட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் புரதம் மிதப்பதாக வைத்துக்கொண்டால், எலி இழுத்தது ஏழரை மைக்ரோகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு நுரையீரலில் படிந்தால் முக்கால் மைக்ரோகிராம். சொட்டு முறையில் 50 விட்டுப் பாதி இறங்கினாலே 25 மைக்ரோகிராம். இரண்டையும் "ஓவால்புமின் கொடுத்தோம்" என்று ஒரே வரியில் எழுதி ஒப்பிடுகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டியில் நெபுலைசர் கக்கும் துளியின் அளவும் முக்கியம். மனிதனுக்கு 5 மைக்ரோமீட்டர் வரை நுரையீரலுக்குள் போகும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதே கருவியை எலிக்கும் வைக்கிறார்கள். எலியின் மூக்கு அருமையான வடிகட்டி. 3 மைக்ரோமீட்டரைத் தாண்டியவற்றில் பெரும்பகுதியை அது மேலேயே நிறுத்திவிடும்.

அதோடு ரோமம். மூடுபனி முதுகெல்லாம் படிகிறது, எலி வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறது. ஆக நீங்கள் அதற்கு வாய் வழியாகவும் புரதம் ஊட்டிவிட்டீர்கள். வாய்வழிப் புரதம் ஒவ்வாமையைத் தணிக்கவும் கூடும் என்பது நோயெதிர்ப்பியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

மூக்கை மட்டும் நுழைக்கும் கோபுரம் என்றால் ரோமச் சிக்கல் பெரும்பாலும் இல்லை, அளவும் துல்லியம். ஆனால் எலியைக் குறுகிய குழாய்க்குள் அடைக்க வேண்டும். பழக்கப்படுத்தாமல் அடைத்தால் அதன் உடலில் கார்ட்டிகோஸ்டிரோன் ஏறும். கார்ட்டிகோஸ்டிரோன் என்ன செய்யும்? அழற்சியை அடக்கும். ஆஸ்துமா நோயாளிக்கு நாம் கொடுக்கும் ஸ்டீராய்டின் உறவுக்கார வேதிப்பொருளை எலி தானே சுரந்துகொள்ளும்! ஒரு வாரமாவது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிப் பழக்குங்கள். கட்டுப்பாட்டுக் குழுவையும் அதே குழாயில் அதே நேரம் அடையுங்கள்.

அல்சூர்_அண்ணன் | புதன், இரவு 10.30

பெட்டிக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்துமாக்காரர் யாரும் தூசியைச் சொட்டாக விட்டுக்கொள்வதில்லை. மூடுபனி நுரையீரலின் எல்லா மடல்களுக்கும் (பிரிவுகளுக்கும்) ஓரளவு சீராகப் பரவுகிறது, திரவம் திட்டுத் திட்டாகப் படிகிறது. மூச்சுக்குழாயில் நேரடியாகக் குழலை நுழைத்துச் செலுத்தினாலும் ஒரு மடலுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்றுதான் ஆகும். திசு வெட்டைப் பார்க்கும்போது இடது மடலை மட்டும் எடுத்து முடிவு கட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைத்தால் நல்லது.

எதிர்வாதி | வியாழன், காலை 7.10

எல்லோரும் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள். சுண்டெலிக்கு இயல்பாக ஆஸ்துமா வருவதே இல்லை. அதன் மூச்சுக்குழாய் நம்முடையதைப் போல இரண்டிரண்டாகப் பிரிவதில்லை, ஒரு தண்டிலிருந்து கிளைகளாகப் போகிறது. கிளைத் தலைமுறைகளும் குறைவு. மூச்சுக்குழாய்த் தசையும் சொற்பம். முட்டைப் புரதத்தை யாரும் மூச்சில் இழுத்து ஆஸ்துமா வாங்குவதும் அரிது. இதில் சொட்டா பெட்டியா என்று சண்டை போட்டு என்ன பயன்?

அல்சூர்_அண்ணன் | வியாழன், காலை 8.55

பாதி சரி. மெபோலிசுமாப் என்ற ஆஸ்துமா மருந்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎல்-5 என்ற சமிக்ஞையை அடைத்தால் ஈசினோஃபில் குறையும் என்று விலங்குகளில் பார்த்துவிட்டு மனிதருக்கு வந்தார்கள். 2000-இல் வந்த ஆய்வில் இரத்தத்தில் ஈசினோஃபில் குறைந்தது, மூச்சுக்குழாயின் மிகையுணர்வு அசையவே இல்லை. எலி ஏமாற்றிவிட்டது என்று பலர் கைகழுவினார்கள். பிறகு ஈசினோஃபில் மிகுந்த கடுமையான நோயாளிகளை மட்டும் தேர்ந்து கொடுத்தபோது, நோய் முற்றித் திணறும் தருணங்கள் குறைந்தன என்று 2009-இல் முடிவுகள் வந்தன. 2015-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. எலி சொன்னது ஒரு வகை ஆஸ்துமாவைப் பற்றி. எல்லா ஆஸ்துமாவையும் பற்றி என்று எடுத்துக்கொண்டது நாம்.

ஓவால்புமின் பற்றிய குறை நியாயமானது. வாரக்கணக்கில் தொடர்ந்து மூடுபனி கொடுத்தால் எலி பழகிப்போய் அழற்சி தணிந்தும் விடுகிறது. அதனால்தான் பலர் வீட்டுத் தூசு உண்ணியின் சாற்றுக்கு மாறினார்கள். ஆலமும் ஊசியும் தேவையில்லை. மூக்கு வழியாகவே 25 மைக்ரோகிராம், வாரம் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம். ஆனால் புட்டிக்குப் புட்டி அதன் ஒவ்வாமைப் புரதமும் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சும் மாறும். எண்டோடாக்சின் கொஞ்சமாக இருந்தால் ஒவ்வாமையைத் தூண்டும், மிகுந்தால் எதிர்வினையையே வேறு திசைக்குத் திருப்பிவிடும். வாங்கும்போதே ஆய்வு முழுவதற்கும் ஒரே தொகுதி எண்ணில் வாங்கிவிட வேண்டும்.

பீன்யா_பையன் | வியாழன், இரவு 11.37

நான் உங்கள் துறை இல்லை. மென்பொருள் வேலை. தேடுபொறி இங்கே கொண்டுவந்து விட்டது. என் அப்பா பீன்யாவில் வண்டிகளுக்கு வண்ணம் தெளிக்கும் பட்டறையில் இருபது வருடம் இருந்தார். இப்போது இரவில் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார். வண்ணத்தில் இருக்கும் ஐசோசயனேட்டுதான் காரணம் என்று மருத்துவர் சொன்னார். பட்டறையில் முகத்துக்குத் துணி கட்டிக்கொள்வார்கள், கையுறை கிடையாது. இப்படி எரிச்சலூட்டும் பொருள்களை எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களா? முட்டைப் புரதம் மட்டும்தானா?

புகைமூட்டம் | வெள்ளி, காலை 6.50

தம்பி, நல்ல கேள்வி. இந்த இழையிலேயே முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி.

ஐசோசயனேட்டுக்கென்றே எலி மாதிரி இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது, முதல் தொடுகை பெரும்பாலும் தோல் வழியாகக் கொடுக்கப்படுகிறது. டொலுவீன் டைஐசோசயனேட்டை எலியின் காதிலோ மழித்த முதுகிலோ தடவுகிறார்கள். பல நாள் கழித்து மூக்கில் சிறிது கொடுத்தால் நுரையீரல் சீறுகிறது. தோலில் பட்டதை உடல் நினைவில் வைத்துக்கொண்டு மூச்சுக்குழாயில் பழிதீர்க்கிறது. கையுறை இல்லாமல் வேலை பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, எலி காட்டும் செய்தி அதுதான். முகத்துணி அந்த ஆவியைத் தடுக்காது என்பது தனிக் கதை. உணர்திறன் வந்துவிட்ட பிறகு மிகச் சிறிய அளவும் திணறலைக் கிளப்பும் என்பதால், அப்பா மறுபடி அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையின் விவரத்தை நுரையீரல் மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இனி எரிச்சலூட்டிகள். ஒவ்வாமையூட்டி வேறு, எரிச்சலூட்டி வேறு. குளோரின், ஓசோன், ஃபார்மால்டிஹைடு போன்றவற்றுக்கு உடல் முன்பே பழகியிருக்க வேண்டியதில்லை. முதல் தடவையே சுடும். ஒரே ஒரு பெரும் வெளிப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்துமா போன்ற நிலை மாதக்கணக்கில் நீடிப்பதை 1985-இல் தனி நோயாகவே விவரித்தார்கள். வாயுவைச் சொட்டாக விட முடியாது, பெட்டிதான் ஒரே வழி. ஓசோன் என்றால் 1 முதல் 3 பிபிஎம் வரை, மூன்று மணி நேரம் என்பது வழக்கமான அளவு.

இங்கே எலி ஒரு தந்திரம் செய்கிறது. எரிச்சலூட்டும் ஆவி மூக்கில் பட்டதும் முக்கிளை நரம்பின் முனைகள் விழித்துக்கொள்கின்றன. உடனே மூச்சின் வேகம் குறைகிறது. இழுத்த மூச்சை வெளியே விடும் தொடக்கத்தில் ஒரு நிறுத்தம் விழுகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் செறிவுக்கு ஆர்டி50 என்று பெயர் வைத்து, 1984-இல் அமெரிக்கத் தரநிலை ஒன்றே எழுதிவிட்டார்கள். பெட்டியில் செறிவை இரட்டிப்பாக்கினால் நுரையீரலுக்குப் போவதும் இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்கள் இங்கே விழுவார்கள். எலி மூச்சை அடக்கிக்கொள்ளும். கூட்டமாக விட்டால் ஒன்றன் ரோமத்துக்குள் மற்றொன்று மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். கம்பிவலைத் தடுப்பு வைத்துத் தனித்தனியாக விட வேண்டும், மூச்சையும் அளக்க வேண்டும். அளக்காமல் எழுதும் அளவு வெறும் பெட்டியின் அளவு, எலியின் அளவு அல்ல.

பீன்யா_பையன் | வெள்ளி, காலை 7.31

நன்றி அண்ணா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "எலிக்குக் கூட அறிவு இருக்கிறது, நாங்கள் மூச்சை அடக்காமல் அடித்தோம்" என்றார்.

குளம்படி | வெள்ளி, காலை 10.12

மூச்சை அளப்பது என்றதும் பழைய சண்டை ஞாபகம் வருகிறது. பென் என்றொரு எண் உண்டு. எலியைப் பெட்டியில் சுதந்திரமாக விட்டு, அழுத்த அலையிலிருந்து கணக்கிடுவது. எளிது என்பதால் எல்லோரும் அதை மூச்சுக்குழாய்த் தடை என்றே எழுதிவந்தார்கள். அது தடையின் அளவே அல்ல, மூச்சு விடும் பாணி மாறினாலே எண் மாறும் என்று 2004-இல் துறையின் முன்னணியினர் சேர்ந்து கண்டித்து எழுதினார்கள். எரிச்சலூட்டி கொடுத்து மூச்சுப் பாணியே மாறிய எலியில் பென்னைப் பார்ப்பது, வெந்நீரில் வைத்த கையால் காய்ச்சல் பார்ப்பது போல. முடிந்தால் குழல் பொருத்தி, மூச்சுக்குழாயைச் சுருக்கும் மெத்தகோலினைப் படிப்படியாகக் கூட்டி, நேரடியாகத் தடையை அளங்கள்.

எதிர்வாதி | வெள்ளி, காலை 10.40

இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆச்சரியம்தான்.

கூண்டுக்காரி | சனி, மாலை 6.25

சீரம் முடிவு வந்துவிட்டது. ஆறு எலிகளிலும் ஐஜிஇ ஏறியிருக்கிறது. அந்த நான்கும் விலக்கில்லை. ஊசி சரி. என் சொட்டுதான் தவறு.

பெட்டியையும் திறந்து பார்த்தேன். அலமாரியில் தூங்கிய அக்ரிலிக் பெட்டிக்கு வெளியேற்றக் குழாயில் வடிகட்டியே இல்லை.

அல்சூர்_அண்ணன் | சனி, மாலை 7.00

வடிகட்டி இல்லாமல் அதை இயக்காதே. ஓரிடத்தில் அப்படித் திறந்தவெளியில் ஓவால்புமினைத் தெளித்து, ஒரு வருடத்தில் எனக்கே தும்மலும் கண் அரிப்பும் தொடங்கிவிட்டன. எந்த இடம் என்று கேட்காதே. இப்போது விலங்குக் கூடத்துக்குள் நுழைய எனக்கு முழு முகக்கவசம் வேண்டும்.

தொண்டை முறையைப் பற்றித் தோழி சொன்னாள் என்றாயே, அதை ஒதுக்காதே. மயக்கத்தில் உள்ள எலியைச் சாய்வுப் பலகையில் மேல் முன்பற்களை நூலில் மாட்டித் தொங்கவிட்டு, மழுங்கிய இடுக்கியால் நாக்கை மெதுவாக வெளியே இழுத்துப் பிடித்து, தொண்டையின் அடியில் திரவத்தை வைப்பார்கள். நாக்கு வெளியே இருப்பதால் விழுங்க முடியாது. மூக்கையும் விரலால் மூடினால் அது வாய்வழி இழுத்தே ஆக வேண்டும். திரவம் உள்ளே போகும்போது சிறு கரகரப்புச் சத்தம் கேட்கும். மூக்கில் தங்கி வீணாவது இல்லை, சிதறலும் குறைவு. டீசல் புகைத் துகள் போன்ற கரையாத பொருள்களுக்கு நான் இதைத்தான் செய்வேன். ஆனால் மூக்கழற்சியும் சேர்ந்து வேண்டும் என்றால் இது உதவாது. கை பழகச் சில வாரம் பிடிக்கும்.

குளம்படி | சனி, இரவு 8.18

கை பழக உயிருள்ள ஆய்வு எலிகளை வீணாக்க வேண்டாம். எப்படியும் கருணைக் கொலைக்குக் குறித்த உபரி எலிகள் எந்தக் கூடத்திலும் இருக்கும். குழுவின் அனுமதியோடு அவற்றில் ஈவன்ஸ் நீலச் சாயத்தை அதே அளவில், அதே மயக்கத்தில் விட்டு, உடனே நெஞ்சையும் வயிற்றையும் திறந்து பாருங்கள்.

கூண்டுக்காரி | இரண்டு வாரம் கழித்து, வியாழன், இரவு 9.55

திருத்த விண்ணப்பம் தேறியது. விழித்த நிலையில் செய்ததைப் பற்றிக் குழு இரண்டு கேள்வி கேட்டு, பதிவில் சேர்த்துக்கொண்டது. மயக்கக் கருவியும் திரும்பி வந்துவிட்டது.

நேற்று ஆறு உபரி எலிகளில் சாயம் விட்டோம். மூன்றுக்கு ஆழ்ந்த மயக்கத்தில் 40 மைக்ரோலிட்டர், மூன்றுக்கு லேசான மயக்கத்தில் 20. முதல் மூன்றிலும் நுரையீரல் நீலம், ஒன்றில் மட்டும் இடது மடல் வெளிறி இருந்தது. அடுத்த மூன்றில் இரண்டின் இரைப்பை நீல மை ஊற்றியது போல இருந்தது, நுரையீரல் சுத்த இளஞ்சிவப்பு. மூன்றாவதில் மூக்கோடு சரி. வழிகாட்டி அருகில் நின்று பார்த்தார். பெட்டி மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது.

புகைமூட்டம் | வியாழன், இரவு 10.20

அந்த வெளிறிய இடது மடலுக்குச் சொட்டை வலது துளையில் மட்டும் விட்டீர்களா?

கூண்டுக்காரி | வியாழன், இரவு 10.26

இல்லை, இரண்டிலும் மாறி மாறி. ஆனால் அந்த எலிக்கு நடுவில் ஒரு குமிழி வந்தது. நிறுத்தாமல் தொடர்ந்துவிட்டேன்.

குளம்படி | வியாழன், இரவு 10.31

அடுத்த முறை நிறுத்துங்கள் அம்மா.